துணிக் கூரையும் தேங்கும் மழைநீரும்



பள்ளம் கண்ட இடத்தில் நீர் சென்று தங்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த உண்மை. ஆனால், பள்ளமே இல்லாத இடத்தில் நீர் தானே ஒரு பள்ளத்தை உண்டாக்கிக்கொண்டு, பின்னர் அதிற் குடியேறும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மண்ணிலும் கல்லிலும் இவ்வாறு நிகழ்வதற்கு நெடுங்காலம் செல்லும். துணியிலோ சில நிமிடங்களே போதும். தலைக்கு மேலே கட்டிய துணியில் மழைநீர் ஏன் தேங்குகிறது, அதனால் விளையும் தீங்கு எத்தன்மையது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இதனை விளக்குதற்கு முதலில் உங்களை வட அமெரிக்காவிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்நாட்டு மக்கள் பலர் விடுமுறைக் காலங்களில் வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு ஊரூராகப் பயணஞ் செய்வர். படுக்கை, சமையலிடம், குளியலறை யாவும் அந்த வீட்டு வண்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். சில வண்டிகள் தாமே ஓடுவன. வேறு சில மற்றொரு மோட்டார் வண்டியாற் பின்னே இழுத்துச் செல்லப்படுவன. ஐக்கிய அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் என்னும் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இத்தகைய வண்டிகளைச் செய்வதிற் பேர்பெற்றவை.

தெருவில் ஓடும் வண்டிக்கு அகலத்தில் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் அமைந்த அறை, குடும்பமாக இருந்து உண்ணவும் உறங்கவும் போதாது. ஆகவே, வண்டியை நிறுத்திய பின்னர் அதன் பக்கச் சுவரின் ஒரு பகுதியை, மேசையின் லாச்சியை வெளியே இழுப்பது போல, வெளியே தள்ளிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 1990களில் இவ்வமைப்புப் பரவலாயிற்று. இவ்வாறு வெளித்தள்ளும் அறையின் கூரை தட்டையானது. வண்டி புறப்படும்போது அவ்வறை உள்ளே செல்லவேண்டும். அப்பொழுது கூரைமேற் கிடக்கும் சருகும் சுள்ளியும் நீரும் அறையுடன் சேர்ந்து உள்ளே வந்துவிடும். நீர் புகாது காக்கும் றப்பர் விளிம்புகளும் பழுதுபடும்.

இதனைத் தடுப்பதற்காக அவ்வறையின் மேலே ஒரு சீலையை விரித்தார்கள். சீலையின் ஒரு விளிம்பு வண்டியின் சுவரிலே பொருத்தப்பட்டிருக்கும். மறு விளிம்பு, அறையின் வெளிப்புறத்தே உள்ள நீண்ட உருளையொன்றிற் சுற்றப்பட்டிருக்கும். உருளைக்குள் ஒரு சுருள்வில் உண்டு. அறை வெளியே செல்லச் செல்லச் சீலை தானே விரியும்; அறை உள்ளே வர வரச் சுருள்வில் அதனைத் தானே சுற்றிக்கொள்ளும். சருகுகளும் சுள்ளிகளும் சீலையின் மேல் விழுந்து, அது சுருளும்போது வெளியே தள்ளப்பட்டுவிடும். எளிமையும் பயனும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால், மழை வந்தபோது இதன் குறை வெளிப்பட்டது. சுவரில் உள்ள விளிம்புக்கும் உருளைக்கும் இடையே உயர வேறுபாடு சிறிதளவே உண்டு. ஆதலாற் சீலை ஏறக்குறையப் படுக்கையாகவே கிடக்கிறது. விடிய விடிய மழை பெய்தால், காலையிற் சீலையின் நடுவே ஒரு சிறு குளம் தோன்றிவிடுகிறது. அப்பாரத்தினாற் சீலை நீளுகிறது. நீண்ட சீலை வெயில் வந்த பின்னும் பழைய நிலைக்கு முற்றாகத் திரும்புவதில்லை. உருளை நீளமானதாயின் அதுவும் நடுவிலே வளைகிறது. இவற்றைக் கவனியாது அறையை உள்ளே இழுத்தால், குளத்து நீர் சீலையோடு சேர்ந்து உருள முயன்று தையலைப் பிளக்கும். அல்லது ஒரே பாய்ச்சலாகக் கொட்டி, சன்னலருகே நிற்பவரை நனைக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் உயரத்திற்கு மழை பெய்தால் அந்நீர் 1 லீற்றர் ஆகும். 1 லீற்றர் நீரின் நிறை 1 கிலோகிராம். இவ்வொரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டாற் போதும். மற்றவை தாமே வரும். 4 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உடைய சீலையின் பாதிப் பரப்பில், சராசரி 5 சென்ரிமீற்றர் ஆழத்திற்கு நீர் தேங்கியதெனக் கொள்வோம். அந்நீர் 100 லீற்றர். நிறை 100 கிலோகிராம். அதாவது, 50 கிலோகிராம் சீமெந்துப் பைகள் இரண்டினை அந்த மெல்லிய சீலையின் நடுவில் அடுக்கி வைத்ததற்கு ஒப்பாகும். சீமெந்துப் பையை எவரும் துணியின் மேல் வைக்கமாட்டார்கள். நீரை மாத்திரம் நாம் பாரமெனக் கருதுவதில்லை.

பாரம் பெரிதென்பது மட்டுமன்று, அது வளரும் முறையே அஞ்சத்தக்கது. பலகையின் மேல் ஒரு கல்லை வைத்தால், பலகை சற்றுத் தாழ்ந்து அவ்வளவில் நின்றுவிடும். கல்லின் பாரம் கூடுவதில்லை. நீரின் இயல்பு வேறு. முதலில் விழுந்த நீர் துணியைச் சிறிது தாழ்த்துகிறது. தாழ்ந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமுள்ள நீர் ஓடி வருகிறது. வந்த நீர் துணியை மேலும் தாழ்த்துகிறது. தாழத் தாழ இன்னும் அதிக நீர் கூடுகிறது. பள்ளம் நீரை அழைக்க, நீர் பள்ளத்தை ஆழமாக்க, இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே செல்கின்றன. துணி தாங்கும் எல்லையை அடைந்ததும் கிழிகிறது. துணி கிழியாவிட்டாற் கால் சரிகிறது.

இது துணிக்கு மாத்திரம் உரிய நோயன்று. 1979ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் திகதி, அமெரிக்காவின் கன்சாஸ் நகரிலே கெம்பர் அரங்கு என்னும் மாபெரும் விளையாட்டு மண்டபத்தின் கூரை, கடும் மழையிலும் காற்றிலும் இடிந்து வீழ்ந்தது. அது உருக்கினாற் செய்த கூரை. அதன்மேல் விழும் நீர் மெல்ல மெல்ல வடியும் வண்ணம், வடிவாய்கள் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தன. காற்றின் அசைவினாற் காலப்போக்கிற் களைப்புற்றிருந்த இணைப்பாணிகளும், கூரைமேற் கூடிய நீரின் பாரமும் சேர்ந்தே அவ்வீழ்ச்சிக்குக் காரணமாயின. அவ்வேளை உள்ளே நிகழ்ச்சி எதுவும் நடைபெறாமையால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. உருக்கிற்கே இந்நிலையெனில், துணியைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ?

"அப்படியானால், துணியை நன்றாக இழுத்துக் கட்டிவிட்டாற் போகிறது" என்று நீங்கள் எண்ணக்கூடும். இழுத்துக் கட்டுதல் நன்றே; ஆனால் அது மட்டும் போதாது. முற்றத்தில் உடுப்பு உலர்த்தும் கொடியை நினைத்துப் பாருங்கள். அதை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், ஈரச் சேலையொன்றைப் போட்டவுடன் நடுவிலே தொய்கிறது. தொய்வைப் பாதியாகக் குறைக்கவேண்டுமாயின் இழுவை ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். மீண்டும் பாதியாக்க, மீண்டும் இரட்டிக்க வேண்டும். தொய்வே இல்லாதபடி இழுப்பதற்கு எல்லையற்ற வலிமை வேண்டும். அதற்கு முன்னரே கயிறு அறும், அல்லது கால் சரியும். பாரம் தாங்கும் எந்தத் துணியும் சிறிதேனும் தொய்ந்தே தீரும் என்பது இயற்கையின் விதி.

ஆகவே, கேட்கவேண்டிய கேள்வி தொய்வை ஒழிப்பது எவ்வாறு என்பதன்று. தொய்ந்தபின்னும் நீர் தங்காமல் ஓடச் செய்வது எவ்வாறு என்பதே. இதற்கு விடை சரிவு. ஒரு விளிம்பை உயர்த்தி மறு விளிம்பைத் தாழ்த்தினால், தொய்வு இருந்தபோதிலும் துணி முழுவதும் ஒரே திசையிலே இறங்கிச் செல்லும். பள்ளம் தோன்றுவதற்கு இடமில்லை. எவ்வளவு உயர்த்துவது? அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உயர்ந்த விளிம்பிலிருந்து தாழ்ந்த விளிம்பிற்கு ஒரு நூலை நேராக இழுத்துப் பிடியுங்கள். நடுவிலே நூலுக்கும் துணிக்கும் உள்ள இடைவெளியை அளவுங்கள். அதுவே தொய்வு. இரு விளிம்புகளின் உயர வேறுபாடு, அத்தொய்வின் நான்கு மடங்கிலும் கூடுதலாக இருத்தல் வேண்டும். தொய்வு 3 சென்ரிமீற்றர் எனின், உயர வேறுபாடு 12 சென்ரிமீற்றருக்கு மேற்பட வேண்டும். குறைந்தால், தாழ்ந்த விளிம்பிற்குச் சற்று முன்பாக ஒரு பள்ளம் விழும். அங்கேதான் நீரின் குடியேற்றம் தொடங்கும்.

வீட்டு வண்டிக்காரர்கள் கையாளும் பரிகாரங்களை இப்பொழுது நோக்கினால், அவை யாவும் இவ்வொரு விதியின் கிளைகளே என்பது விளங்கும். முதலாவது, சுவரில் உள்ள விளிம்புச் சட்டத்தைச் சற்று உயரத்திலே பொருத்திச் சரிவைக் கூட்டுதல். இரண்டாவது, வண்டியை நிறுத்தும்போது அந்தப் பக்கம் ஒருசிறிது தாழும்படி நிறுத்துதல். எனினும் இதற்கு ஓர் அளவு உண்டு. வண்டி மிகச் சாய்ந்தால் வெளித்தள்ளும் பொறியும், வாயுச் சுவாலையால் இயங்கும் குளிர்ப்பெட்டியும் செவ்வனே தொழிற்படமாட்டா. மூன்றாவது, தளர்ந்த சுருள்வில்லை மீண்டும் முறுக்கித் தொய்வைக் குறைத்தல். முறுக்கிய சுருள்வில் கைதவறினால் விரலை முறிக்கும் வன்மை உடையது. ஆதலால் இது பழகியவர் செய்யவேண்டிய வேலை. நான்காவது, நீண்டு தளர்ந்த சீலையைப் புதுச் சீலையால் மாற்றுதல். நீண்ட உருளையாயின், அதன் நடுவிலே ஒரு தாங்கி வைத்தல்.

ஐந்தாவது பரிகாரம் மிக எளியது. அறையின் கூரைக்கும் சீலைக்கும் இடையே காற்று நிரப்பிய பந்துகளையோ மென்மையான நுரை உருளைகளையோ வைத்துச் சீலையின் நடுவை மேலே உயர்த்திவிடுகிறார்கள். பள்ளமாக இருந்த இடம் முகடாகி, நீர் இருபுறமும் வழிந்துவிடுகிறது. ஆயினும், வைத்த பொருளிற் கூர்முனை இருத்தலாகாது. புறப்படுமுன் அதனை எடுக்க மறத்தலுமாகாது. இவையொன்றும் செய்யாதவர்கள் மழைக்கு இடையிடையே அறையைச் சிறிது உள்ளே இழுத்து, நீரை வெளியே வழியவிட்டு, மீண்டும் தள்ளிவைக்கிறார்கள். அல்லது மென்மையான தும்புத்தடியினாற் சீலையைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி நீரை வடித்துவிடுகிறார்கள். கடும் புயல் வருமெனின் அறையை முன்னரே உள்ளே இழுத்துக்கொள்வதே நல்லது.

நேயர்களே, வெளித்தள்ளும் அறை நமது நாட்டு வீடுகளுக்கு அந்நியமானது. ஆனால் தறப்பாள் அந்நியமானதன்று. திருமண வீட்டிலும், கோயில் வீதியிலும், பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும், சந்தைக் கடையின் முன்றிலிலும் நம் தலைக்கு மேலே தறப்பாள் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னரும் போர்க்காலத்திலும் எத்தனையோ குடும்பங்கள் மாதக் கணக்காகத் தறப்பாளின் கீழேயே சமைத்தன, உறங்கின, பிள்ளைகளை வளர்த்தன. ஒரு வண்டிக்காரருக்குச் சீலை கிழிவது பணச் செலவு. தறப்பாளே வீடாக உள்ளவருக்கு அது கிழிவது வீடிழத்தலாகும்.

நமது பழைய பந்தல் கிடுகினால் வேயப்பட்டது. வெயிலுக்காக இட்ட கிடுகுப் பந்தல் தட்டையாக இருந்தாலும் மழைநீர் அதன்மேற் குளமாக நிற்பதில்லை. கீற்றுகளின் இடையாற் கசிந்து ஒழுகிவிடும். இருந்தவர்கள் நனைவார்கள், பந்தல் விழாது. மழைக்காக வேய்ந்த கொட்டிலோ செங்குத்தாக இறங்கும் கூரையுடையது. ஒரு துளியும் கீழே விடாத தறப்பாள் வந்தபின்னரும், பலவிடங்களில் நாம் பந்தலின் பழைய தட்டை வடிவத்தையே கைக்கொண்டோம். பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. கேடு பிறப்பது இங்கேதான். 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உடைய தட்டைப் பந்தலில் 20 மில்லிமீற்றர் மழை விழுந்து வடியாது நின்றால், அந்நீர் 600 லீற்றர். 600 கிலோகிராம் பாரம், கீழே விருந்துண்ணும் மக்களின் தலைக்கு மேலே தொங்குகிறது.

ஆகவே, தறப்பாற் பந்தல் இடுவோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். நடுவிலே உயர்ந்த கால்களை நட்டு, அவற்றின் மேல் நீளவாக்கில் ஒரு வளையைக் கட்டி, முகடு ஒன்றை உண்டாக்குங்கள். முகட்டிலிருந்து ஓரம் 3 மீற்றர் தூரமாகவும் தொய்வு 10 சென்ரிமீற்றராகவும் இருந்தால், நான்மடங்குக் கணக்கின்படி 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இறக்கம் வேண்டும். மழைப் பாரத்தினால் தொய்வு இன்னும் கூடுமாதலால், 75 சென்ரிமீற்றர் இறக்கம் கொடுப்பது பாதுகாப்பானது. முகட்டு வளையின் மேல் கம்பி முனையோ ஆணித் தலையோ துருத்தியிருந்தால், சாக்குத் துண்டினால் அதனைச் சுற்றிக் கட்டுங்கள். ஓரக் கயிறுகளை நெருக்கமாகக் கட்டுங்கள். இரு கயிறுகளுக்கு இடையிலுள்ள தளர்ந்த விளிம்பும் ஒரு சிறு கிண்ணமே.

சிறிய தறப்பாள் ஒன்றே உண்டு, முகடு வைக்க வசதியில்லை எனின், வேறொரு வழி இருக்கிறது. எதிரெதிரான இரு மூலைகளை உயர்த்தியும், மற்றைய இரு மூலைகளைத் தாழ்த்தியும் கட்டுங்கள். துணி அப்பொழுது குதிரைச் சேணத்தின் வடிவைப் பெறும். ஒரு திசையில் அது கீழ்நோக்கி வளைய, மறு திசையில் மேல்நோக்கி வளையும். நீர் எங்கு விழுந்தாலும் தாழ்ந்த இரு மூலைகளில் ஒன்றைத் தேடி ஓடிவிடும். காற்றும் துணியை எளிதிற் படபடக்கச் செய்யாது. 1967இல் மொன்றியல் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜேர்மனியின் மண்டபத்தை அமைத்த பிறை ஒட்டோ என்னும் கட்டடக் கலைஞர், மெல்லிய கூரைகளுக்கு இத்தகைய எதிரெதிர் வளைவுகளையே பெரிதும் பயன்படுத்தினார். மூலையில் வடியும் நீர் அடுப்படியிலோ அயலவர் வாசலிலோ விழாதபடி, ஒரு வாய்க்காலோ வாளியோ வைப்பது உங்கள் கடமை.

இத்தனை கவனத்திற்குப் பின்னும் ஒரு பந்தலில் நீர் தேங்கிவிட்டதெனக் கொள்வோம். அப்பொழுது செய்யவேண்டிய முதல் வேலை, நீரை வெளியேற்றுவதன்று. கீழே இருப்போரை வெளியேற்றுவது. இரண்டாவது, பந்தலிற் கட்டிய மின்விளக்குகளின் இணைப்பை நிறுத்துவது. அதன் பின்னரே நீரைத் தொடவேண்டும். குளத்தின் நடுவிலே தடியாற் குத்துவோர் பலர். நடுவிலே குத்தினால் நீர் முழுவதும் ஒரு பக்கமாகப் பாய்ந்து அப்பக்கத்துக் காலைச் சரித்துவிடலாம். தடியின் முனை துணியையும் கிழித்துவிடலாம். பந்தலுக்கு வெளியே நின்றவாறு, குளம் எந்த ஓரத்தை நெருங்கியிருக்கிறதோ அந்த ஓரத்துக் கயிற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, நீரைச் சிறுகச் சிறுக வழியவிடுவதே தக்கது. தறப்பாளில் துளையிடுவதும் நன்றன்று. இன்றைய துளை அடுத்த மழையிற் கிழிசலாகும்.

மழை ஓய்ந்த பின்னரும் கடமை ஒன்று எஞ்சியுள்ளது. விறகின் மேலோ நெல் மூட்டையின் மேலோ போர்த்திய தறப்பாளின் மடிப்புகளிற் சிறிது நீர் தங்கிவிடும். அதன் பாரத்திற்கு நாம் அஞ்சவேண்டியதில்லை; அதில் முட்டையிடும் நுளம்புக்கே அஞ்சவேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புக்கு ஒரு கிண்ணத்து நீரே போதும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதற் பத்து நாள் வரையிற் செல்லும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாரத்திற்கு ஒருமுறையேனும் தறப்பாளின் மடிப்புகளை உதறி நீரை ஊற்றிவிடுவது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் பாதுகாப்பாகும்.

அன்பர்களே, தடித்த துணியும் பருத்த கயிறும் வாங்கிவிட்டாற் பந்தல் நிலைக்கும் என்று நம்பியிருத்தல் தகாது. வலிமை எவ்வளவு இருப்பினும், வடிவம் பிழையானால் நீர் வென்றுவிடும். வடிவம் செம்மையானால், மெல்லிய துணியும் பெருமழையைத் தாங்கும். தாங்கும் என்பதிலும், தங்கவிடாது அனுப்பிவிடும் என்பதே பொருத்தமாகும். ஐப்பசி மாரி தொடங்குமுன், உங்கள் முற்றத்திலும் பாடசாலையிலும் சந்தையிலும் உள்ள தறப்பாள்களை ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள். தொய்வின் நான்மடங்கு இறக்கம் இல்லையெனில், வானம் வெளுத்திருக்கும்போதே கட்டை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். முதற்றுளி தங்க இடமில்லாத கூரையிற் குளம் தோன்றுவதில்லை.